இந்தப் புத்தகம் யார் யார் கையில் இருந்தது?

உங்கள் பள்ளி நூலகத்தில் மிகப் பழைய புத்தகம் எது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கோபிசெட்டிபாளையத்தில் உள்ள வைர விழா மேல்நிலைப் பள்ளி போல நூறாண்டைக் கடந்த பள்ளிகளில், அலமாரியின் அடித்தட்டில் அப்படிப்பட்ட புத்தகங்கள் உறங்கிக் கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றை மெதுவாக எடுத்துப் பாருங்கள். பாடத்தைப் படிக்க வேண்டாம். முதல் இரண்டு தாள்களையும் கடைசி இரண்டு தாள்களையும் மட்டும் பாருங்கள். ஒரு கையெழுத்து இருக்கும். ஓர் ஊதா முத்திரை இருக்கும். பென்சிலால் எழுதிய ஒரு விலை இருக்கும். "அன்பளிப்பு" என்று எழுதி, கீழே பாதி அழிந்த ஒரு பெயரும் இருக்கக்கூடும்.

இவை எல்லாம் சாட்சிகள். ஒரு புத்தகம் அச்சகத்தை விட்டுப் புறப்பட்ட நாள் முதல் உங்கள் கைக்கு வந்த நாள் வரை யார் யாரிடம் இருந்தது என்பதை இந்தச் சாட்சிகளைக் கொண்டு கண்டறிவது ஒரு தனிக் கலை. கலை என்பதை விட விஞ்ஞானம் என்பதே பொருத்தம். ஏனெனில் இதில் ஊகம் உண்டு, சோதனை உண்டு, ஊகம் தவறானால் அதைக் கைவிடும் நேர்மையும் உண்டு.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நம் ஈரோட்டில் பிறந்த ஒரு மேதையின் கடைசி ஓராண்டு உழைப்பு, எரிந்து சாம்பலாவதற்குச் சில நாட்களே இருந்த நிலையில் தப்பியது. தப்பிய தாள்கள் யாருடையவை, எப்போது எழுதப்பட்டவை என்று அடையாளம் காண இந்த விஞ்ஞானமே உதவியது. அந்தக் கதைக்குப் போகுமுன் துப்பறியும் வழிகளைச் சிறிது பழகிக் கொள்வோம்.

முத்திரை சொல்லும் காலம்

உங்கள் கையில் உள்ள புத்தகத்தில் ஒரு நூலக முத்திரை. அதில் "பெரியார் மாவட்டம்" என்று இருக்கிறது. அது எந்த ஆண்டு குத்தப்பட்டது?

கோபிசெட்டிபாளையம் முன்பு கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979-இல் அதிலிருந்து பிரித்துப் பெரியார் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1996-இல் அதன் பெயர் ஈரோடு மாவட்டம் என்றாயிற்று. ஆகவே "பெரியார் மாவட்டம்" என்னும் முத்திரை 1979-க்கு முன் குத்தப்பட்டிருக்க முடியாது. அப்படியானால் 1996-க்குப் பின்னும் குத்தப்பட்டிருக்க முடியாது அல்லவா? அவசரப்படாதீர்கள்! பெயர் மாறிய மறுநாளே எந்த அலுவலகமும் ரப்பர் முத்திரையைத் தூக்கி எறிந்து விடுவதில்லை. தேயும் வரை பழையதையே குத்துவார்கள். எனவே ஒரு முத்திரை "இதற்கு முன் இல்லை" என்பதை உறுதியாகச் சொல்லும். "இதற்குப் பின் இல்லை" என்பதை உறுதியாகச் சொல்லாது. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக் கொண்டால் பாதித் துப்பறிவாளர் ஆகி விட்டீர்கள்.

இதே முறையில் இன்னும் பல அடையாளங்கள் உண்டு. விலை "12 அணா" என்று அச்சிட்டிருந்தால், அது 1957 ஏப்ரலில் தசம நாணயம் வருவதற்கு முன் குறித்த விலை. "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்ளலாம். புத்தகக் கடையின் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அந்தச் சீட்டு 1972-க்குப் பிற்பட்டது. "நூலக ஆணைக்குழு" என்ற சொல் முத்திரையில் இருந்தால், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்ட பின்னரே அது வந்திருக்க வேண்டும்.

எழுத்தும் சாட்சி சொல்லும். யானைத் துதிக்கை போல முன்னால் வளைந்து நிற்கும் பழைய "லை", "னை" எழுத்துகளைத் தாத்தாவின் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978-இல். அப்படியானால் புதிய "லை" உள்ள புத்தகம் எல்லாம் 1978-க்குப் பிற்பட்டது என்று கூறலாமா? கூற முடியாது. ஈரோட்டிலிருந்து வந்த "குடி அரசு" இதழில் பெரியார் 1935-லேயே இந்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கி விட்டார். விதியைப் படித்தவன், நம் ஊர் விதிவிலக்கையும் அறிந்திருக்க வேண்டும்.

ஓலைச்சுவடிகளின் கணக்கு வேறு விதமானது. ஏடு எழுதியவர் கடைசி ஓலையில் தம் பெயர், ஊர், எழுதி முடித்த நாள், யாருக்காக எழுதினார் என்பவற்றைக் குறிப்பது வழக்கம். ஆனால் ஆண்டு பெரும்பாலும் பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபதில் ஒன்றாக இருக்கும். "சர்வசித்து ஆண்டு மார்கழி" என்று ஓர் ஏட்டில் கண்டால், அது 1887 ஆகலாம், 1827 ஆகலாம், நாடு விடுதலை பெற்ற 1947-உம் ஆகலாம். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை சக்கரம் சுற்றி விடும். கிழமையும் நட்சத்திரமும் சேர்த்து எழுதியிருந்தால் பிழைத்தோம். பஞ்சாங்கக் கணக்குப் போட்டு, அந்த நாளும் கிழமையும் நட்சத்திரமும் ஒன்றாகப் பொருந்தும் ஆண்டைத் தேடிப் பிடித்து விடலாம்.

துரதிருஷ்டம் என்னவெனில், ஒரு கட்டில் முதலில் சிதைவது மேல் ஓலையும் அடி ஓலையுமே. சாட்சி எழுதப்பட்ட இடமும் அதுதான்! பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள விசயமங்கலத்தோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் கொங்குவேளிர் இயற்றிய "பெருங்கதை" இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1924-இல் உ.வே. சாமிநாதையர் அதை அச்சிட்டபோது, நூலின் முதலும் இல்லை, முடிவும் இல்லை. இன்று வரை நாம் படிப்பது நடுப்பகுதியை மட்டுமே.

மையும் தாளும்

பெயரை அழித்து விட்டால்? திருட்டுப் புத்தகத்தை விற்பவர் முதலில் செய்வது முத்திரையைச் சுரண்டுவதுதான். இங்கே வேதியியல் துணைக்கு வருகிறது.

நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்கள். கடுக்காயில் உள்ள டானின், அன்னபேதியில் உள்ள இரும்போடு கூடிக் கருநிறப் பொருளைத் தருகிறது. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சிகளால் உண்டாகும் காய் போன்ற முடிச்சுகளைப் பயன்படுத்தினர். தத்துவம் ஒன்றே. காலப்போக்கில் இந்த மை வெளுத்துப் பழுப்பாகும். சில சமயம் கண்ணுக்கே தெரியாமல் போகும். ஆனால் தாளின் இழைகளுக்குள் புகுந்த மையின் எச்சம் எளிதில் போவதில்லை. இருட்டறையில் புற ஊதாக் கதிரை அதன் மேல் வீசினால் தாள் மங்கலாக ஒளிரும். எச்சம் உள்ள இடம் மட்டும் அக்கதிரை உறிஞ்சிக் கருமையாக நிற்கும். அழிக்கப்பட்ட பெயர் மீண்டும் எழுந்து வரும்!

அதே விளக்கு வேறொரு பொய்யையும் காட்டிக் கொடுக்கும். சுமார் 1950-க்குப் பின் தயாரான வெள்ளைத் தாள் பலவற்றில் "பளிச்"சென்ற வெண்மைக்காகச் சில இரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். சலவைத் தூளிலும் இவ்வகைப் பொருள்கள் உண்டு. புற ஊதாக் கதிரில் இவை நீல வெண்மையாக ஒளிர்கின்றன. நூற்றைம்பது ஆண்டுப் பழைய புத்தகம் என்று ஒருவர் கொண்டு வந்து, அதில் ஒரு தாள் மட்டும் நீலமாக ஒளிர்ந்தால், அந்தத் தாள் இடையில் செருகப்பட்டது என்று அறியலாம்.

கந்தைத் துணியிலிருந்து செய்த பழைய தாள் முந்நூறு ஆண்டானாலும் மடியும், ஒடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்த் தாள் பெருகியது. அதில் சேர்த்த படிகாரத்தால் அமிலத்தன்மை உண்டாகித் தாள் மஞ்சளாகி அப்பளம் போல் நொறுங்குகிறது. நம் நூலகங்களில் 1600-ஆம் ஆண்டுப் புத்தகத்தை விட 1920-ஆம் ஆண்டுப் புத்தகம் கிழடாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

ஒரு புத்தகத்தின் 600 பிரதிகள்

புத்தகத்தின் பழைய சொந்தக்காரர்களைத் தேடுவதையே முப்பதாண்டு வேலையாகச் செய்த விஞ்ஞானி ஒருவர் உண்டு. அவர் அமெரிக்க வானவியல் அறிஞர் ஓவன் கிங்கரிச். 2023-இல் மறைந்தார்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நிறுவ முயன்ற கோப்பர்நிக்கஸின் நூல் 1543-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் அச்சாயிற்று. "அது யாருமே படிக்காத புத்தகம்" என்ற பொருளில் ஆர்தர் கோஸ்ட்லர் என்ற எழுத்தாளர் 1959-இல் எழுதி விட்டார். இது உண்மையா? 1970-இல் எடின்பரோ வானாய்வு நிலையத்தில் கிங்கரிச் ஒரு பிரதியைப் பிரித்தார். தொடக்கம் முதல் இறுதி வரை ஓரங்களில் நுணுக்கமான குறிப்புகள்! படித்தவர் சாதாரண ஆள் அல்லர். ஆனால் பெயர் இல்லை. அட்டையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது தோலில் அழுத்திய மூன்று எழுத்துகள் தெரிந்தன: இ, ஆர், எஸ். அவை எராஸ்மஸ் ரைன்ஹோல்டு என்ற வானவியல் பேராசிரியரின் பெயரின் முதலெழுத்துகளும், அவர் பிறந்த சால்ஃபெல்டு ஊரின் முதலெழுத்தும் ஆகும். கையெழுத்தை ஒப்பிட்டபோது அதுவும் பொருந்தியது.

அதன்பின் அவர் நிற்கவில்லை. நாடு நாடாகச் சென்று, முதல் இரண்டு பதிப்புகளிலும் எஞ்சியுள்ள சுமார் 600 பிரதிகளையும் பதிவு செய்தார். எவரெவர் வைத்திருந்தனர், என்ன எழுதினர் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. 2002-இல் அந்தக் கணக்கெடுப்பு நூலாக வந்தது. கெப்ளர் வைத்திருந்த பிரதி, கலிலியோ வைத்திருந்த பிரதி எல்லாம் அதில் உண்டு. 1620-இல் திருச்சபை சில வரிகளைத் திருத்தும்படி ஆணையிட்டது. இத்தாலியில் இருந்த பிரதிகளில் பாதிக்கு மேல் அவ்வாறு அடிக்கப்பட்டிருப்பதும், கலிலியோ தம் பிரதியில் கீழே உள்ள எழுத்து தெரியும்படி இலேசாகவே கோடு கிழித்திருப்பதும் தெரிய வந்தன. யாரும் படிக்காத புத்தகம் என்பது பொய் என்று நிரூபணமாயிற்று.

இதில் ஒரு சறுக்கலும் உண்டு. அதையும் சொல்வதே நேர்மை. பிராக் நகரிலுள்ள ஒரு பிரதியின் ஓரக்குறிப்புகள் மாபெரும் வானவியலார் திக்கோ பிராகே எழுதியவை என்று நம்பி, 1971-இல் அந்தப் பிரதியை அப்படியே படமெடுத்து அச்சிட்டார்கள். கிங்கரிச்சும் முதலில் அதை ஏற்றார். பின்னர் வேறு ஆதாரங்களோடு ஒப்பிட்டபோது, அந்தக் கையெழுத்து பிரெஸ்லா நகரத்துப் பால் விட்டிச் என்பவருடையது என்று தெரிந்தது. பெரிய மனிதர் பெயர் கிடைத்தால் நம் கண் அதையே காண விரும்புகிறது. துப்பறிவோருக்கு இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை என்பேன்.

கிங்கரிச்சின் கணக்கெடுப்புக்கு எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. திருட்டுப் போன பிரதிகள் விற்பனைக்கு வந்தபோது, அவர் குறித்து வைத்த அடையாளங்கள் அவை எந்த நூலகத்தைச் சேர்ந்தவை என்று காட்டின. அச்சுப் புத்தகம் ஆயிரம் ஒரே மாதிரி இருக்கலாம். ஆனால் பூச்சி அரித்த துளையும், கறையும், ஓரக்குறிப்பும் இரு பிரதிகளில் ஒன்று போல் இருப்பதில்லை. அவை புத்தகத்தின் கைரேகை.

ஈரோட்டில் பிறந்தவரின் கடைசித் தாள்கள்

இனி நம் கதைக்கு வருவோம். கோபியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ஈரோடு. அங்கே தாய்வழிப் பாட்டி வீட்டில் 1887 டிசம்பர் 22-ஆம் நாள், மேலே சொன்ன அதே சர்வசித்து மார்கழியில், சீனிவாச ராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். பதினாறு வயதளவில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கல்லூரி நூலகத்திலிருந்து இரவலாக அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள்; நிரூபணமோ மிகச் சுருக்கம். ராமானுஜனின் கணித நடையும் அப்படியே அமைந்து விட்டது. கண்டதை எழுதுவார், எப்படிக் கண்டார் என்பதை எழுத மாட்டார்.

1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், 1914-இல் கப்பலேறியதும் நீங்கள் அறிந்தவை. 1919-இல் நோயோடு திரும்பினார். அவ்வாண்டு சில காலம் காவிரிக் கரையில் நம் கொடுமுடியில் தங்கினார். பிறகு கும்பகோணம், பிறகு சென்னை. 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

படுக்கையில் கிடந்தபடியும் அவர் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. அருகிலிருந்து பணிவிடை செய்த மனைவி ஜானகி அம்மாள் இதைப் பிற்காலத்தில் பலரிடம் கூறியிருக்கிறார். 1920 ஜனவரி 12-ஆம் நாள் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் போயிற்று. "போலித் தீட்டாச் சார்புகள்" என்று தாம் பெயரிட்ட புதிய தொடர்களைச் சமீபத்தில் கண்டுபிடித்ததாக அதில் தெரிவித்து, சில எடுத்துக்காட்டுகளையும் கொடுத்திருந்தார். தீட்டாச் சார்புகள் என்பவை முடிவில்லாத ஒருவகைத் தொடர்கள். அவற்றைக் கணிதவியலார் முன்பே அறிவர். ராமானுஜன் கண்டவை சில இடங்களில் அவற்றைப் போலவே நடந்து கொள்ளும், ஆனால் அவை அல்ல. அதனால்தான் "போலி".

இந்தக் கடிதத்தை நன்றாக நினைவில் வையுங்கள். பின்னால் முடிச்சை அவிழ்க்கப் போவது இதுதான்.

ராமானுஜன் மறைந்த பின் தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தை அடைந்தன. 1923 ஆகஸ்டு 30-ஆம் நாள் பல்கலைக்கழகப் பதிவாளர் டியூஸ்பரி, ராமானுஜனின் கைப்பிரதிகள் அடங்கிய கட்டு ஒன்றை ஹார்டிக்கு அனுப்பினார். நம் தாள்களும் அந்தக் கட்டில்தான் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. "இருக்க வேண்டும்" என்று ஏன் இழுக்கிறேன் என்றால், கடலைக் கடந்ததற்கு வேறு நேரடிச் சாட்சி கிடையாது. சங்கிலியில் இந்தக் கண்ணி ஊகத்தால் கோத்தது.

அடுத்த கண்ணி இதை விட மங்கல். 1920-களின் இறுதியில் ராமானுஜனின் பழைய மூன்று குறிப்பேடுகளையும் பதிப்பிக்கும் பணியில் வாட்சன், வில்சன் என்ற இரு கணிதவியலார் ஈடுபட்டனர். வில்சன் 1935-இல் காலமானார். பர்மிங்காம் பேராசிரியர் வாட்சன் தொடர்ந்து உழைத்தார். 1935-இல் லண்டன் கணிதக் கழகத்தில் தலைமையுரை ஆற்றியபோது, போலித் தீட்டாச் சார்புகளையே பொருளாக எடுத்து, உரைக்கு "கடைசிப் புதிர்" என்று பொருள்படும் தலைப்பு வைத்தார். அது ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றின் தலைப்பு! ஹோம்ஸின் தோழர் பெயரும் டாக்டர் வாட்சன் அல்லவா? நம் வாட்சனுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது.

ஹார்டி தம்மிடமிருந்த தாள்களை வாட்சனிடம் எப்போது கொடுத்தார்? 1934-க்கும், ஹார்டி காலமான 1947-க்கும் இடையில் என்று மட்டுமே ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். பதிமூன்று ஆண்டு இடைவெளி! ஒரு சீட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பெரியவர்கள் இத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வாட்சன் 1965-இல் காலமானார். அவரைப் பற்றி இங்கிலாந்தின் ராயல் கழகத்துக்கு நினைவுக் கட்டுரை எழுதும் பொறுப்பு விட்டேக்கர் என்ற கணிதவியலாருக்கு வந்தது. அவர் தகவல் திரட்ட வாட்சனின் வீட்டுக்குச் சென்றார். திருமதி வாட்சன் அவரை ஓர் அறைக்கு அழைத்துச் சென்றார். அந்த அறையின் தரை முழுவதும் சுமார் ஓர் அடி உயரத்துக்குக் காகிதம். கணக்குத் தாள்களும், வரவு செலவுச் சீட்டுகளும் கலந்து கிடந்தன. இன்னும் சில நாட்களில் எல்லாவற்றையும் எரித்து விடுவதாக ஏற்பாடு! விட்டேக்கர் அந்தக் குவியலுக்குள் கையை விட்டு எடுத்தவற்றுள் ராமானுஜனின் தாள்கள் வந்தன. குலுக்கல் சீட்டு எடுப்பது போலத்தான். அன்று அவர் கை ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

விட்டேக்கர் அவற்றை ராங்கின் என்ற கணிதவியலாரிடம் சேர்த்தார். ராங்கின் 1968 டிசம்பர் 26-ஆம் நாள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பினார். ராமானுஜன் படித்த கல்லூரி அதுவே. இங்கே பாருங்கள், நாளும் மாதமும் உறுதியாகத் தெரிகிறது! நூலகம் என்று ஒன்றின் வாசலை எட்டியதும் சங்கிலி திடமாகி விட்டது.

பெட்டிக்குள் ஏழாண்டு

தாள்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் கண்டுபிடிக்கப்பட்டு விட்டனவா? இல்லை. வாட்சனின் மற்றக் காகிதங்களோடு ஒரு பெட்டியில் ஏழாண்டுக்கு மேல் கிடந்தன. உள்ளே இருப்பது என்ன என்று கணித உலகுக்குத் தெரியவில்லை.

1976 வசந்த காலத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் ஐரோப்பாவுக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் இருந்த லூசி ஸ்லேட்டர் என்ற பெண் கணிதவியலார், வாட்சனின் பெட்டியைப் பார்க்கும்படி அவருக்கு யோசனை கூறினார். ஆண்ட்ரூஸ் பெட்டியைத் திறந்தார். 138 பக்கங்கள், 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள், விளக்கம் என்று ஒரு வாக்கியம் கிடைப்பதே அரிது. தலைப்பு இல்லை, எழுதிய தேதி இல்லை.

கையெழுத்து ராமானுஜனுடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் எப்போது எழுதியது? இளமையில் எழுதியதாகவும் இருக்கலாமே! இங்கேதான் நீங்கள் நினைவில் வைத்த கடிதம் உதவிக்கு வருகிறது. தாள்களில் போலித் தீட்டாச் சார்புகள் நிரம்பிக் கிடந்தன. அவற்றைச் சமீபத்தில் கண்டுபிடித்ததாக ராமானுஜனே 1920 ஜனவரியில் எழுதியிருக்கிறார். ஆகவே இந்தப் பக்கங்கள் அவருடைய வாழ்வின் கடைசி ஆண்டைச் சேர்ந்தவை. முத்திரையும் இல்லை, மைச் சோதனையும் இல்லை. எழுதப்பட்ட கணக்கே தேதி சொல்லி விட்டது.

இதைக் கண்டுகொள்ள அந்த நூலகத்தில் சரியான ஆள் நுழைய வேண்டியிருந்தது. ஆண்ட்ரூஸ் 1964-இல் டாக்டர் பட்டம் பெற்றதே போலித் தீட்டாச் சார்புகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான். வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தால் புரியாத சூத்திரங்கள் என்று மூடி வைத்திருக்கக் கூடும். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அது தைத்த நோட்டு அல்ல, தனித்தனித் தாள்களே. ஆயினும் "தொலைந்த குறிப்பேடு" என்ற பெயர் நிலைத்து விட்டது. தாள்களைப் படமெடுத்து அச்சிட்ட பதிப்பை, ராமானுஜன் நூற்றாண்டு நாளான 1987 டிசம்பர் 22 அன்று சென்னையில் பிரதமர் ராஜீவ் காந்தி வெளியிட்டார். முதல் பிரதியைப் பெற்றவர் ஜானகி அம்மாள். அறுபத்தேழு ஆண்டுகளுக்கு முன் கணவரின் கட்டிலருகே சிதறிக் கிடந்த தாள்கள், புத்தக உருவில் அவர் மடிக்கு வந்தன. இரண்டாம் பிரதி ஆண்ட்ரூஸுக்கு. மூலத்தாள்கள் இன்றும் டிரினிட்டி கல்லூரியிலேயே உள்ளன. பழைய மூன்று குறிப்பேடுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

அந்தச் சூத்திரங்களை ஒவ்வொன்றாக நிரூபிக்க ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ன்ட் என்ற பேராசிரியரும் ஐந்து பெருந்தொகுதிகள் எழுத வேண்டியிருந்தது. முதலாவது 2005-இலும் ஐந்தாவது 2018-இலும் வெளிவந்தன. போலித் தீட்டாச் சார்புகளின் உண்மையான இயல்பை 2002-இல் சுவெகர்ஸ் என்ற டச்சு இளைஞர் தம் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக விளக்கிக் காட்டினார். இன்று கருந்துளைகளைப் பற்றிய கொள்கைக் கணக்குகளிலும் அவை பயன்படுகின்றன. அந்த அறையில் எரிய இருந்தவை இவைதாம்.

உங்கள் ஊரில் தேடுங்கள்

உங்கள் பள்ளி நூலகத்திலேயே தொடங்கலாம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு வரிசை எண் இருக்கும். அந்த எண்ணை நூலகத்தின் நூல் இருப்புப் பதிவேட்டில் தேடினால், எந்த நாளில், என்ன விலைக்கு, எந்தக் கடையில் வாங்கியது அல்லது யார் கொடுத்தது என்று தெரியும். பல நூலகங்களில் தலைப்புப் பக்கம் தவிர உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்தி வைப்பார்கள். அதை "ரகசியப் பக்கம்" என்பார்கள். முதல் தாளைக் கிழித்து விற்றாலும் அந்தப் பக்கம் காட்டிக் கொடுத்து விடும். உங்கள் நூலகத்தின் ரகசியப் பக்கம் எது என்று நான் கேட்க மாட்டேன். நீங்களும் வெளியே சொல்லாதீர்கள்! கடைசித் தாளில் ஒட்டிய தேதிச் சீட்டையும் கிழிக்காதீர்கள். புத்தகம் எந்த ஆண்டுகளில் வாசகரோடு வெளியே சென்றது, எந்த ஆண்டுகளில் அலமாரியில் தூங்கியது என்பதை அது ஒன்றுதான் சொல்லும்.

வீட்டுப் பரணிலோ, தோட்டத்துச் சாளையிலோ, பழைய காகிதக் கடையிலோ ஏடுகளும் புத்தகங்களும் கிடைத்தால் துடைத்துச் சுத்தம் செய்ய முற்படாதீர்கள். கிழிசலுக்கு ஒட்டும் நாடா போடாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் தாளையே தின்று விடும். ஒன்றாகக் கட்டியிருந்தவற்றைப் பிரித்து அடுக்காதீர்கள். எதனோடு எது இருந்தது என்பதும் ஒரு சாட்சி. யார் வீட்டில், எந்த நாளில், யார் கொடுக்கக் கிடைத்தது என்பதைத் தனித்தாளில் எழுதி, புத்தகத்தோடு வையுங்கள். ஹார்டியும் வாட்சனும் செய்யாமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

ஓலைச்சுவடி என்றால் சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ எழுதிக் கேட்கலாம். பழைய அச்சுப் புத்தகங்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த புத்தகங்களைக் கொண்டு 1994-இல் அது அமைந்தது. கடிதம் எழுதும்போது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து இணைத்து அனுப்புங்கள்.